கடைமடையில் ஆறு மா: இணையவழி பெர்மாகல்ச்சர் பயிற்சியும் ஒரு டெல்டா நிலத்தின் வடிவமைப்பும்

பெர்மாகல்ச்சர் என்பது இயற்கையின் போக்கைப் பார்த்து, நிலம், நீர், பயிர், வீடு எல்லாவற்றையும் சேர்த்து நீடித்து நிற்கும்படி திட்டமிடும் முறை. அதன் வடிவமைப்புப் பயிற்சி 72 மணி நேரப் பாடம். ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் முன்வைத்த சிந்தனையிலிருந்து வளர்ந்தது. 1988-இல் மாலிசன் எழுதிய 14 அத்தியாயக் கையேடுதான் இன்றுவரை பெரும்பாலான பயிற்சிகளுக்கும் பாடத்திட்டம். 1987-இல் அவரே இந்தியாவுக்கு வந்து பயிற்சி நடத்தினார். 2017-இல் உலக பெர்மாகல்ச்சர் மாநாடு ஹைதராபாத்தில் நடந்தது. இன்று இதே பாடத்தை வீட்டிலிருந்தே காணொளியாகப் பார்த்து, கடைசியில் ஒரு நிலத்துக்கு முழு வடிவமைப்பு வரைந்து ஆசிரியருக்கு அனுப்பி, சான்றிதழ் வாங்கலாம். அரசு அங்கீகாரம் பெற்ற பட்டயம் இல்லை இது. வேலைக்கோ கடனுக்கோ உதவாது. ஆசிரியர் நம் வரைபடத்தைப் பார்த்துத் திருத்தித் தருகிறாரா என்பதை வைத்துத்தான் கட்டணத்தின் மதிப்பைச் சொல்ல முடியும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அப்படி வரையப்பட்ட ஒரு வடிவமைப்பு. நிலம் திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. ஆறு மா, அதாவது 2 ஏக்கர். சம்பா நெல், அதன்பின் தரிசில் உளுந்து என்று நெடுங்காலமாக நடந்துவரும் வயல். கஜா புயலுக்கு (16 நவம்பர் 2018) முன் மேற்கு வரப்பில் ஒரு வரிசைத் தென்னை இருந்தது. முதல் வடிவமைப்பு பயிற்சியில் நல்ல பாராட்டு வாங்கியது. ஆனால் அதில் ஒரு பகுதியை நிலத்தில் செய்து பார்த்தபோது ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை, இரண்டாம் வடிவமைப்பில் என்ன மாறியது என்பதே இங்கே பேசப்படுவது.

முதல் வரைபடம்

பாடம் சொன்ன வரிசை அப்படியே பின்பற்றப்பட்டிருந்தது: செயற்கைக்கோள் படம், அதன்மேல் சமமட்டக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை), அந்தக் கோடுகளில் மழைநீரைப் பிடிக்கும் மூன்று ஸ்வேல் அகழிகள், அகழிகளின் கீழ்ப்புறக் கரையில் பழமரங்கள், தாழ்ந்த மூலையில் குளம், நடுவில் வீடு, வீட்டைச் சுற்றி, அடிக்கடி போக வேண்டியது கிட்டே வரும்படி, வட்டம் வட்டமாக மண்டலங்கள். படத்தில் பார்க்க அழகுதான்.

பிழை சமமட்டக் கோட்டிலேயே தொடங்குகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டு விண்கல ராடார் எடுத்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, உயரம் முழு மீட்டரில். சில மீட்டர் பிழையும் இருக்கும். மலைச்சரிவில் இது பெரிய குறையில்லை. தஞ்சாவூரிலிருந்து கடல்வரை டெல்டாவின் சராசரிச் சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. 100 மீட்டர் நீள நிலத்தில் இயற்கையான சரிவு 10 சென்டிமீட்டருக்கும் கீழ். முழு மீட்டரில் அளந்த தரவைக் கொண்டு அதைக் காணவே முடியாது. அதோடு அந்த ராடார் மரத்தின் தலையையும் ஓரளவு தரையாகவே எடுத்துக்கொள்கிறது. தென்னந்தோப்பு இருக்கும் இடம் படத்தில் மேடாகத் தெரியும். இந்த வரைபடத்தில் மேற்கே இருந்ததாகக் காட்டிய 'உயர்ந்த பகுதி' கஜாவில் விழுந்துபோன தென்னை வரிசை.

இங்கே கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். 10 மி.மீ. உள்விட்டமுள்ள ஒளி ஊடுருவும் குழாய் 20 மீட்டர், இரண்டு அளவுகோல் குச்சி, இரண்டு ஆள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு தவறும். நிரப்பும்போது ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். வயல் காய்ந்த மாசி, பங்குனியில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால் ஆறு மாவுக்கு நூறுக்குள் முடிந்துவிடும். பாடத்தில் வரும் ஏ-வடிவ மூங்கில் மட்டம் இங்கே உதவாது. 2 மீட்டருக்கு ஒருமுறை நகர்த்தும்போது 5 மி.மீ. தவறினால்கூட 100 மீட்டரில் 25 செ.மீ. வரை சேர்ந்துவிடும், நிலத்தின் உண்மையான சரிவே அதில் பாதிகூட இல்லை. எல்லைகளுக்குச் செயற்கைக்கோள் படத்தைவிட வருவாய்த்துறையின் புலப்படம் நம்பகமானது. எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சர்வே எண்ணைக் கொடுத்து இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம், அளவுகள் மீட்டரில் இருக்கும்.

ஸ்வேல் ஏன் தோற்றது

ஸ்வேல் என்பது சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தடுத்து, நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கும் அகழி. சரிவு இருக்க வேண்டும், மண் நீரைக் குடிக்க வேண்டும், அடியில் இடம் இருக்க வேண்டும். கடைமடைக் களியில் மூன்றும் இல்லை. நெடுங்காலச் சேற்றுழவால் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் கெட்டித்தட்டு இறுகிக் கிடக்கிறது. நெல்லுக்கு அதுதான் வரம், தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். மரத்துக்கு அதுவே சாபம். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், 45 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி, ஒருமுறை நிரப்பி ஊறவிட்டு மறுபடி நிரப்பிப் பார்த்தால், இந்த வகை மண்ணில் மறுநாளும் தண்ணீர் கிடக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு மண்வெட்டியும் ஒரு நாளும் போதும். வெட்டுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லாத பயிற்சி குறையுள்ளதுதான்.

கார்த்திகை வரும்போது நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு ஒட்டியே வந்துவிடுகிறது. நீரைச் சேமிக்க வெட்டிய அகழி நீர் ஏற்கெனவே நிறைந்த மண்ணுக்குள் இன்னும் நீரைக் கொண்டுவந்து நிறுத்தியது. கரையில் வைத்த பப்பாளி வேர் நீரில் நின்ற இரண்டாம் நாளே தலை தொங்கியது. முருங்கை அடுத்து அழுகியது. கொய்யாவும் நாவலும் இலை மஞ்சளித்தாலும் பிழைத்துக்கொண்டன.

இரண்டாவது கேடு பக்கத்து வயலுக்கு. டெல்டாவின் பெரும்பகுதி வயல்வழிப் பாசனம்: மேல்வயலின் தண்ணீர் மடை வழியாக நம் வயலுக்கு வந்து, நம் மடை வழியாகக் கீழ்வயலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் வடிவதும் அதே வழியில்தான். நிலத்தின் குறுக்கே அகழியும் கரையும் போட்டால் மேல்வயலின் சம்பா மூழ்கும். பட்டா நம் பேரில் இருக்கலாம், தண்ணீர் வழி ஊருக்குப் பொது. பாடத்தின் 'வெளியிலிருந்து வரும் ஆற்றல்கள்' வரைபடத்தில் வெயில், காற்று, தீ, வெள்ளம் எல்லாம் இருந்தன. மேல்வயலின் மடையும் கீழ்வயலின் மடையும் இல்லை. டெல்டாவில் முதலில் குறிக்க வேண்டியவை அவை இரண்டும்தான்.

இந்தச் சிந்தனை முறையில் குறை ஒன்றும் இல்லை. கவனி, அளந்து பார், ஓட்டத்தைப் புரிந்துகொள், பிறகு வெட்டு என்ற ஒழுங்கு எந்த ஊருக்கும் பொருந்தும். குறை எடுத்துக்காட்டுகளில். நீரை நிறுத்துவது எப்படி என்று பாடம் நீளமாகச் சொல்கிறது. வெளியேற்றுவது எப்படி என்று ஒரு பக்கம் சொன்னால் அதிகம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் பாசனத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வடிகாலும் பங்குனி முதல் ஆனி வரை சேமிப்பும் என்று ஒரே நிலத்துக்கு இரண்டு வேலை. ஈர வெப்பமண்டல அத்தியாயத்தையும் வறள்நில அத்தியாயத்தையும் சேர்த்தே படிக்க வேண்டிய இடம் இது.

கையெட்டும் தூரத்தில் இருந்த மாதிரி

மாற்று தேடும்போது பயிற்சி மன்றங்களில் மெக்சிகோவின் சினாம்பாவைத்தான் (ஏரிக்குள் சேறு வாரி உயர்த்திய பாத்தி) உடனே சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கும்பகோணம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தால் போதும். உயர்த்திய நீளப் பாத்தி, இடையில் வாய்க்கால், படர அகத்தி, வாய்க்கால் சேற்றை வாரிப் பாத்திமேல் போடும் பழக்கம். மழையில் வாய்க்கால் வடிகால். கோடையில் அதுவே பாசனம். அகத்தி நிழலும் தரும், தழையும் தரும், காற்றிலிருந்து தழைச்சத்தையும் பிடிக்கும். வடிவமைப்புப் பாடம் 'ஒரு கூறு, பல வேலை' என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த மாவட்டங்களில் கிடைக்காது.

இரண்டாம் வடிவமைப்பு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஆறு மாவில் ஒன்றரை மா மட்டும் மாறுகிறது. மீதி நாலரை மா நெல்லும் உளுந்துமாகவே இருக்கும். முழு நிலத்தையும் உணவுக்காடாக்கும் ஆசையை விடச் சொல்வது கற்பவருக்குக் கசக்கும். ஆனால் கீழ்வயல், மேல்வயல், முறைத்தண்ணீர், அரிசி என்ற நான்கு கணக்கும் அதைத்தான் சொல்கின்றன.

அளவுகள்

பாத்தி 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், எட்டு பாத்தி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மேலே 1.5 மீட்டர், அடியில் 0.9 மீட்டர் அகலத்தில் 0.6 மீட்டர் ஆழ வாய்க்கால். ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டும் மண் 0.72 கன மீட்டர். 3 மீட்டர் அகலத்தில் பரப்பினால் பாத்தி 24 செ.மீ. உயரும். வாய்க்கால் அடியிலிருந்து பாத்தித் தலைவரை மொத்தம் 84 செ.மீ. எட்டும் சேர்ந்து 36க்கு 30 மீட்டர், 1,080 சதுர மீட்டர், ஏறத்தாழ 27 சென்ட். வெட்டும் மண் சுமார் 173 கன மீட்டர். புதுமண் முதலில் உப்பலாக இருக்கும், ஒரு மழைக்காலத்தில் படியும். ஆகவே வெட்டிய உடனே அளந்து 'உயரம் கூடிவிட்டது' என்று சீவிவிடக் கூடாது.

பாத்தித் தலை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. மோட்டார் கொட்டகைச் சுவரில் பழைய வெள்ளக்கறை இருக்கும். 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வயல்காரர்களைக் கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த மட்டத்தை டியூப் லெவலில் நிலத்துக்கு மாற்றி, பாத்தித் தலை அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குளத்து மண்ணையும் சேர்த்து உயர்த்த வேண்டும், அல்லது பாத்திகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு நாளில் 200 மி.மீ. மழை இங்கே வராத மழை இல்லை. அன்று 1,080 சதுர மீட்டரில் விழுவது 216 கன மீட்டர். வாய்க்கால்கள் எல்லாம் சேர்ந்து கொள்வது 173. பெரிய வடிகாலே நிரம்பி நிற்கும் நாளில் வெளியே ஒரு சொட்டுகூடப் போகாது. அன்று செடியைக் காப்பது பாத்தியின் உயரம் மட்டுமே.

வாய்க்கால்களின் திசையை வெயிலை வைத்து முடிவு செய்யக் கூடாது. எல்லாம் வடிகால் பக்கம் ஓட வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் 36 மீட்டர் நீளச் சேர்ப்பு வாய்க்கால், 500-க்கு 1 சரிவில், கடைசிவரை 7 செ.மீ. இறக்கம். அங்கே 1.5 மீட்டர் சதுரத்தில் 1 மீட்டர் ஆழ வண்டல் குழி. அதிலிருந்து ஒரு கிளை குளத்துக்கு, ஒரு கிளை பெரிய வடிகாலுக்கு. இரண்டுக்கும் மடைப்பலகை தனித்தனியாக வேண்டும். முதல் வடிவமைப்பில் குளத்து நிரம்புவழிக் குழாய் திறந்தே விடப்பட்டிருந்தது. வடிகால் நிரம்பும்போது அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும் என்பதை யாரும் நினைக்கவில்லை. பி.வி.சி. குழாய்க்கு ஒரு மூடி போட்டாலே தீரும் பிழைதான். ஆனால் மழை இரவில் போய் மூட ஆள் வேண்டும் என்பதால் பலகை மடையே நல்லது. ஐப்பசி முதல் தேதியில் போட்டுவிட்டால் தண்ணீர் பலகைக்கு மேல் ஏறினால்தான் ஓடும்.

குளம் மேலே 20க்கு 15 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை. அடி 14க்கு 9 ஆகிறது; கொள்ளளவு சுமார் 414 கன மீட்டர். பக்கத்தை இதைவிடச் செங்குத்தாக்கினால் முதல் கார்த்திகையிலேயே சரியும். 2 மீட்டருக்கு மேல் தோண்ட ஆசை வரும். கடைமடையில் கீழே உப்புநீர் இருக்கலாம். பக்கத்துக் கிணற்று நீரையும் 2 மீட்டரில் ஊறும் நீரையும் மின்கடத்துதிறன் பார்த்த பிறகுதான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 300 சதுர மீட்டர் குளத்தின் மேல் நேராக விழுவதே 210 கன மீட்டர், பாதிக் குளம். மீதி வாய்க்கால் நீர். மழை ஓயும் மார்கழியில் சேர்ப்பு வாய்க்காலில் நிற்பதைச் சின்ன மோட்டார் வைத்துக் குளத்துக்கு ஏற்றி, அதை விளிம்புவரை நிரப்ப வேண்டும். தை கடைசி முதல் வைகாசி கடைசிவரை ஏறத்தாழ 120 நாள், நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 72 செ.மீ. போய்விடும்; சராசரிப் பரப்பு 255 சதுர மீட்டருக்கு அது 184 கன மீட்டர். மிஞ்சுவது 230. எட்டு பாத்தியின் தலைப்பரப்பு 720 சதுர மீட்டர். நாளுக்கு 4 மி.மீ. கொடுத்தால் 2.9 கன மீட்டர். 230 கன மீட்டர் 80 நாளுக்குத்தான் காணும். 40 நாள் இடிக்கிறது.

இந்த ஒரு கணக்கு நடவுத் திட்டத்தையே மாற்றியது. நான்கு பாத்தியில் மட்டும் ஆண்டு முழுவதும் மரமும் வாழையும். மற்ற நான்கில் தை முதல் பங்குனிவரை காய்கறி, சித்திரையில் பயிர் இல்லை, மூடாக்கு மட்டும். குளத்துக்குமேல் பந்தல் போட்டு பீர்க்கு, புடலை ஏற்றினால் ஆவியாதல் கொஞ்சம் குறையும். எவ்வளவு என்று கணக்கில் எழுதாமல் விடுவதே நேர்மை. முதல் வடிவமைப்பில் குளத்தின் கொள்ளளவு மட்டும் இருந்தது, ஆவியாதல் இல்லை. ஆசிரியரும் கேட்கவில்லை.

வெட்டும் வரிசை

ஜேசிபி சித்திரையில்தான் இறங்க முடியும். வைகாசிக் கோடைமழை பெய்துவிட்டால் டயர் புதையும், மண் பிசைந்துபோய் காய்ந்தபின் செங்கல்லாகும். எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறுவது மேல்மண். வண்டி ஓட்டுபவர் குளம் வெட்டும் வேகத்தில் அடிக்களியை மேலே போட்டு, கறுப்பு மண்ணைப் புதைத்துவிடுவார். பிறகு மூன்று ஆண்டுக்கு எரு போட்டாலும் பாத்தி தேறாது. வாய்க்காலின் மேல் 20 செ.மீ. மண்ணை முதலில் தனியே சீவ வேண்டும். ஒரு வாய்க்காலுக்கு 8, 9 கன மீட்டர் வரும். முதல் பாத்தியின் கெட்டித்தட்டை உளிக்கலப்பையால் கிழித்து, அதன்மேல் அடிமண்ணைப் பரப்பி, அதற்கும் மேல் சீவிவைத்த மேல்மண்ணை 10 செ.மீ. போட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். ஓட்டுநரிடம் காகிதத்தைக் காட்டினால் நடக்காது. சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு பாத்தியை முழுதாக முடித்துக் காட்டச் சொல்லி, டியூப் லெவலில் பார்த்துவிட்டு மற்றதை விட வேண்டும். வெட்டிய மண் நிலத்துக்குள்ளேயே தீர வேண்டும். வெளியே ஏற்றினால் அனுமதிச் சிக்கல் தனி.

முதல் மழைக்காலம் முடியும்வரை மரம் வைக்கவே கூடாது. ஆடியில் ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் தக்கைப்பூண்டு. 40, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கிவிட வேண்டும். அடிமண்ணில் உப்பு இருந்தால் கோடையில் பாத்தியின்மேல் வெள்ளை பூக்கும். முதல் பருவமழை அதைக் கழுவட்டும். மண் பரிசோதனையில் கார அமிலத்தன்மை (pH) 8.5-ஐத் தாண்டியிருந்தால் மட்டுமே ஜிப்சம். பாத்தித் தோள்களில் வெட்டிவேர் 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் சரிவு நிற்கும். எட்டு வாய்க்காலுக்கும் இரு பக்கமும் என்றால் 3,200 நாற்று வேண்டும். காசு பத்தாவிட்டால் வாய்க்கால் முனைகளும் குளக்கரையும் முதலில்.

மரம் தை மாதம் இறங்கும். பாடம் மழைத் தொடக்கத்தில் நடச் சொல்லும்; புதிதாக உயர்த்திய களிப்பாத்தி ஒரு மழையில் படிந்து முடிந்தபின் நடுவதே இங்கே பாதுகாப்பு. முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, பப்பாளி பாத்தியின் நடுமுதுகில், வாழை 1.8 மீட்டர் இடைவெளியில் தோளுக்குச் சற்று உள்ளே. அகத்தி மேற்கு ஓரத்தில். வாய்க்காலில் சேம்பு, குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு 150 முதல் 200, கார்த்திகையில் விட்டு வைகாசிக்குள் பிடித்துவிட வேண்டும்.

வெயில், காற்று, நடை

ஆஸ்திரேலியப் பாடம் வெயில் வடக்கே என்கும், ஐரோப்பியப் பாடம் தெற்கே என்கும். சுமார் 10.5 பாகை வட அகலாங்கில் இரண்டும் பாதி சரி. ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும் உச்சிவெயில் தலைக்கு நேர். இடைப்பட்ட நாட்களில் நண்பகல் சூரியன் வடக்கே 13 பாகைவரை சாயும், டிசம்பரில் தெற்கே 34 பாகை. நாற்றங்கால் பந்தலைத் தெற்குப் பக்கம் மட்டும் மறைத்திருந்த முதல் வரைபடம் அக்னி நட்சத்திரத்தில் வேலைக்காகாது. செடியை வாட்டுவது மூன்று மணி மேற்கு வெயில். அகத்தி மேற்கில் இருப்பதற்கு அதுவே காரணம்.

காற்றுத் தடுப்பில் ஆனி, ஆடி மேல்காற்று வேறு, புயல் வேறு. புயல் கடக்கும்போது ஒரு பக்கமிருந்து அடித்துவிட்டு, கண் கடந்தபின் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். கஜாவில் தென்னை வேரோடு சாய்ந்த ஊர்களில் பனை பெரும்பாலும் நின்றது. வெளி வரப்பில் பனை விதை, இடையில் நொச்சி, ஆடாதொடை, கிளுவை. பூவரசை வெட்டி வளர்க்கலாம். பனை ஆளாக ஒரு தலைமுறை ஆகும்தான், ஆனாலும் விதை வைக்கும் செலவு ஒன்றுமில்லை. பக்கத்து நெல்லுக்கு நிழல் விழும் ஓரத்தில் எந்த மரமும் வேண்டாம். பெர்மாகல்ச்சர் சண்டைகளில் பாதி நிழல் சண்டை.

மண்டல வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்தது முழுக்கக் கற்பனை. டெல்டாவில் வீடு தெருவில் இருக்கிறது, வயல் அரை கிலோமீட்டர் தள்ளி. தினம் பறிக்கும் கீரையும் மிளகாயும் வீட்டுக் கொல்லையில்தான் முதல் மண்டலம். வயலில் முதல் மண்டலம் மோட்டார் கொட்டகையும் களத்துப் பாதை தொடும் மூலையும். தினமும் கால் படும் இடம் அது. நாற்றங்கால், உரக்குழி, கோழி அங்கே. இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் போட்டபின் வடிவமைப்பு சட்டென்று எளிதாகிவிட்டது.

மூடாக்கும் எலியும்

தடித்த மூடாக்கு எப்போதும் நல்லது என்ற பாடத்தை நாட்காட்டியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தை அறுவடை வைக்கோல் கிடைக்கும் காலமும் மண் காயத் தொடங்கும் காலமும் ஒன்றே; அப்போது 10, 15 செ.மீ. போடலாம். மாட்டுக்குப் போக மிஞ்சுவதைத்தான் கணக்கில் எழுத வேண்டும். புரட்டாசிக்குள் அது மட்கிவிடும்; மட்காமல் தண்டை ஒட்டிக் கிடப்பதை ஒதுக்கிவிட வேண்டும். ஐப்பசியில் ஈரக் களிமேல் கனத்த வைக்கோல் கிடந்தால் தண்டழுகலும் நத்தையும் உறுதி.

எலி எந்தப் பாடத்திலும் வருவதில்லை. அகல வரப்பு, உயர்ந்த பாத்தி, வைக்கோல் மூடாக்கு, பக்கத்தில் கதிர் விடும் சம்பா: வயல் எலிக்கு இதைவிட வசதியான குடியிருப்பை யாரும் கட்டித் தர முடியாது. நெல் பக்கத்து வரப்புகளை ஓரடி அகலத்துக்கு மேல் விடாமல் வைத்து, ஆவணியிலேயே வளை தேடி வெட்டி, ஊர் ஆட்களை வைத்துத் தஞ்சாவூர்க் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) போட வேண்டும். பாத்திகளுக்கும் நெல்லுக்கும் இடையில் சேர்ப்பு வாய்க்கால் ஓடுவது எலிக்கும் ஒரு தடை. ஆந்தை உட்கார டி-வடிவக் குச்சிகள் பயிருக்கு மேல் நிற்கட்டும்; கதிர் முற்றத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நெல் தின்னும் குருவிகளுக்கு அதுவே ஊஞ்சல்.

நாலரை மா நெல்லில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை. நீர் நிற்கும் தாழ்வுக்கு மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம். உப்பு காட்டும் ஓரத்துக்குக் குழியடிச்சான். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ உளுந்து. டயர் அறுவடை வண்டி ஓடினால் முளை நசுங்கும். பெல்ட் வண்டி கேட்டு வாங்க வேண்டும்.

எப்போது சேர்வது

இணையவழிப் பயிற்சி எந்த மாதமும் தொடங்கும். டெல்டாக்காரர் ஆவணி, புரட்டாசியில் சேர்வது நல்லது. கவனிப்புப் பாடம் ஓடும்போது மழை பெய்யும். எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது, எந்த மடை முதலில் உடைகிறது என்று குச்சி நட்டுத் தேதி எழுதலாம். வரைபடப் பாடம் தை, மாசிக்கு வரும், வயல் காய்ந்திருக்கும். திருத்தம் பங்குனியில், வெட்டு சித்திரையில். கோடையில் சேர்ந்து கோடையிலேயே வரைந்து முடித்தவர்கள் வடிகாலை மறப்பதில் வியப்பில்லை. அவர்கள் நிலத்தைத் தண்ணீரில் பார்க்கவே இல்லை.

வெளிநாட்டு ஆசிரியருக்கு அனுப்பும் கோப்பில் மூன்று தாள் கூடுதலாக இருக்க வேண்டும்: மேட்டூர் திறப்பும் மூடலும் முறைத்தண்ணீர் நாட்களும் கொண்ட தாள்; மேல்வயல், கீழ்வயல் மடைகள் குறித்த தாள்; கார்த்திகையில் நிலம் முழுக நிற்கும் படங்கள். இவை இல்லாமல் அவர் சொல்லும் திருத்தம் வேறு ஏதோ நிலத்துக்கானது. இரண்டாம் முறை இந்தத் தாள்களோடு போனபோது வந்த கேள்விகளே வேறு: வண்டல் குழியை யார், எப்போது வாருவார்கள்? வடிகால் நிரம்பினால் பாத்தி எத்தனை நாள் தாங்கும்?

முதல் கேள்விக்குப் பதில் இன்னும் தாளில் முழுதாக இல்லை. வாய்க்கால் 240 மீட்டர் நீளம். பாத்தி விளிம்பு கரைந்து ஒவ்வொரு மழைக்காலமும் அடியில் சேறு படியும். வாராமல் விட்டால் வடிகால் சில ஆண்டில் வெறும் பள்ளமாகிவிடும். மாசியில், ஈரம் குறைந்து மண்வெட்டியில் ஒட்டாத பதத்தில், வாரிப் பாத்தியின்மேல் போட வேண்டும். கொடிக்காலில் இது வழக்கமான வேலை. ஆனால் உளுந்து எடுக்கும் ஆட்களும் அதே மாதத்தில்தான் தேவை, ஆள் கிடைக்காது. திருத்திய வடிவமைப்பு இந்தக் கூலியை ஆண்டுச் செலவில் எழுதி, ஆண்டுக்கு நான்கு வாய்க்கால் என்று பிரித்து, சேம்பு தோண்டும் வாய்க்கால்களை முதலில் வாரும்படி வரிசை போட்டிருக்கிறது.